கூட்டத்தில் கை பட்டது, தவாஃப் கூடுமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஸ்ரத். எனக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம், நாங்கள் ஷாஃபி மத்ஹபு (சட்டவழி). கணவருக்குத் திருச்சிப் பக்கம், அவர்கள் ஹனஃபி. போன மாதம் 70 வயது உம்மாவையும் அழைத்துக்கொண்டு உம்ரா போய் வந்தோம். அசர் தொழுகைக்குச் சற்று முன்னால், கஅபாவை ஏழு முறை சுற்றும் தவாஃபை ஆரம்பித்தோம். நெரிசலில் ஆண்கள் கை பட்டுவிட்டதோ என்று பயந்து, நடுவில் இரண்டு முறை வெளியே போய் ஒளு (தொழுகைக்கான அங்கசுத்தி) செய்து வந்தேன். அப்புறம் நான் தொலைந்துவிடக் கூடாதென்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் தொட்டாலும் ஒளு முறியுமே என்பது திரும்பி வரும்போது விமானத்தில்தான் உறைத்தது. ஆறு சுற்றா ஏழு சுற்றா என்ற சந்தேகத்தில் ஒரு சுற்று கூடுதலாகவும் சுற்றினேன். ஒரு சுற்றில் கூட்டம் தள்ளி, பிடித்த கை நழுவி, இவர் மட்டும் கஅபாவை அடுத்து வளைந்த சுவர் சூழ்ந்த ஹிஜ்ரு இஸ்மாயீலுக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே வந்தார். முடித்ததும் நான் இரண்டு ரக்அத் தொழுதேன். 'அசருக்குப் பிறகு கூடாது' என்று இவர் தொழாமலே ஸஃயுக்கு (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடப்பதற்கு) வந்துவிட்டார். உம்மா மேல்மாடியில் சக்கர நாற்காலியில் சுற்றினார்கள், கூலிக்கு ஓர் ஆள் தள்ளினார். நடுவில் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் வந்த ஒரு பெண்மணி, 'மூன்று பேர் உம்ராவும் கூடவில்லை, நீங்கள் இன்னும் இஹ்ராமில்தான் (உம்ராவுக்கான கட்டுப்பாட்டு நிலையில்) இருக்கிறீர்கள்' என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. ரமளானுக்கு முன்னால் மறுபடியும் போகிறோம், தங்கையும் அவள் கணவரும் வருகிறார்கள். அவளுக்கு மாதவிடாய்த் தேதி வேறு அந்த நாட்களில்தான் வருகிறது.

பதில்: வஅலைக்கும் ஸலாம், சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், மூன்று பேர் உம்ராவும் கூடிவிட்டது. ஒருவர் மட்டும் ஓர் ஆட்டுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களும் அல்ல, உம்மாவும் அல்ல. இன்றிரவு தூங்கிவிட்டு, மீதியைக் காலையில் நிதானமாகப் படியுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு மத்ஹபு இருப்பது நம் ஊர்களில் புதிதில்லை. காயல், கீழக்கரை, நாகூர் என்று கடற்கரையோரம் ஷாஃபி. உள்ளே போகப்போக ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி. வீட்டில் இருக்கும்வரை சுப்ஹுத் தொழுகையில் குனூத் துஆ ஓதுவதும் ஓதாததுமாக அது பாட்டுக்குப் போகும். கஅபாவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான், ஒருவர் கையை ஒருவர் பிடிப்பதிலேயே மஸ்அலா (சட்டப் பிரச்சினை) இருக்கிறது என்பது தெரியவரும். உம்ரா வகுப்புகளில் துஆக்களை மனப்பாடம் செய்யவைக்கிறோம், இஹ்ராம் துணி கட்டிக்காட்டுகிறோம். கணவன் ஒரு மத்ஹபு மனைவி ஒரு மத்ஹபு என்றால் கூட்டத்தில் என்ன செய்வது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. இதில் எங்களைப் போன்ற ஆலிம்களின் குறைதான் அதிகம்.

ஒளுவிலிருந்து தொடங்குவோம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதானே. ஷாஃபி மத்ஹபில் தவாஃபுக்கு ஒளு ஷர்த்து (நிபந்தனை). 'கஅபாவைத் தவாஃப் செய்வது தொழுகை போன்றது, அதில் நீங்கள் பேசலாம் என்பதைத் தவிர' என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக திர்மிதியில் வரும் செய்தி இதற்கு ஆதாரங்களில் ஒன்று. ஒளு இல்லாமல் சுற்றினால் அது தவாஃபே இல்லை. ஹனஃபியில் தவாஃபுக்கு ஒளு வாஜிபு (கடமை). இல்லாமல் சுற்றினாலும் தவாஃப் நிறைவேறும், ஆனால் பரிகாரம் வரும். உங்கள் குழுப் பெண்மணி 'இன்னும் இஹ்ராமில் இருக்கிறீர்கள்' என்று பயமுறுத்தியது வெறும் வாயில் வந்த பேச்சில்லை. உம்ராவின் தவாஃப் ஷாஃபியில் உண்மையிலேயே கூடாமல் போனால், ஆடு அறுத்து ஈடுகட்ட முடியாது. திரும்பப் போய்ச் செய்து முடிக்கும்வரை இஹ்ராம் நீடிக்கும். சட்டம் அவர் சொன்னதுதான். அது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் சொன்னதில்தான் பிழை.

கூட்டத்தில் ஆண்கள் கை 'பட்டுவிட்டதோ' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? அந்த 'தோ' என்ற எழுத்திலேயே பதில் இருக்கிறது. உறுதியாக இருந்த ஒளு சந்தேகத்தால் போகாது. தோலோடு தோல் பட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் முறியும். துணிக்கு மேலே பட்டால் முறியாது. முடி, நகம், பல் பட்டாலும் முறியாது. வாப்பா, மகன், உடன்பிறந்தவர் போன்ற மஹ்ரம்களின் கை பட்டாலும் முறியாது. இஹ்ராமில் இருக்கும் பெண்ணுக்கு வெளியே தெரிவதே முகமும் முன்கைகளும்தான். ஆகவே இரண்டு முறை அவ்வளவு தூரம் வெளியே போய் வந்திருக்க வேண்டியதில்லை. போனதால் கெட்டதும் ஒன்றுமில்லை. ஒளுச் செய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ஷாஃபியில் கூடும். இடைவெளி விடாமல் சுற்றுவது சுன்னத்துதான்.

அடுத்த முறைக்கு ஒரு யோசனை. நம் பெண்கள் தொழுகைக்குப் போடும் மக்கனாவையே கொஞ்சம் நீளமாகத் தைத்துக்கொள்ளுங்கள், முன்பக்கம் முழங்கை தாண்டித் தொங்கவேண்டும். தவாஃபில் கைகளை அதற்குள் விட்டுக்கொண்டால் போதும். இஹ்ராமில் பெண்ணுக்கு ஆகாதது கையுறை. துணியின் மடிப்புக்குள் கையை வைத்துக்கொள்வது கையுறை ஆகாது. நான் அழைத்துப்போன குழுக்களில் வயதான பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இப்படித்தான் சுற்றுவார்கள். கவலையெல்லாம் படித்த இளம்பெண்களுக்குத்தான்.

கணவர் கையைப் பிடித்தது 'பட்டுவிட்டதோ' கணக்கில் வராது. அது நிச்சயமாகப் பட்டதுதான். ஷாஃபியில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தோலோடு தொட்டால் ஒளு முறியும். காரணம், குர்ஆனில் மாயிதா அத்தியாயத்தின் 6-வது வசனத்தில் 'பெண்களைத் தீண்டினால்' என்று வருவதை இமாம் ஷாஃபி (ரஹ்) தொடுதல் என்ற நேர்ப்பொருளில் எடுத்தார்கள். ஹனஃபி இமாம்கள் அதைத் தாம்பத்திய உறவு என்று விளங்கினார்கள். ஆயிஷா (ரலி) நபியவர்களுக்கு முன்னால் படுத்திருப்பார்கள், நபியவர்கள் ஸஜ்தாவுக்குப் போகும்போது அவர்களின் காலைச் சீண்டுவார்கள், அவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள் என்று புகாரியில் இருக்கிறதே, தொட்டால் ஒளு முறியும் என்றால் தொழுகை என்ன ஆகும் என்பது ஹனஃபி இமாம்களின் கேள்வி. நம் ஷாஃபி தரப்பில், நடுவில் துணி இருந்திருக்கலாமே என்பார்கள். இந்த வழக்கு ஆயிரம் வருடங்களுக்கும் மேலாக நடக்கிறது. இரண்டு பக்கமும் பெரியவர்கள்.

அந்த வழக்கே உங்களுக்கு வழியும் தருகிறது. நெருக்கடியான இடத்தில் ஒரு ஷாஃபி, ஒளு விஷயத்தில் ஹனஃபியின் சட்டத்தைப் பின்பற்றலாம். செயலை முடித்த பிறகுகூட, அது அந்த மத்ஹபின்படி சரியாக அமைந்திருந்தால் இப்படிப் பின்பற்றிக்கொள்ளலாம் என்று இப்னு ஹஜர் ஹைதமி (ரஹ்) போன்ற நம் பிற்கால இமாம்கள் இடம் தந்திருக்கிறார்கள். நிபந்தனையைக் கவனியுங்கள்: அந்த மத்ஹபின்படி சரியாக அமைந்திருக்க வேண்டும். அதாவது நீங்கள் செய்த ஒளு ஹனஃபியிலும் ஒளுவாக இருக்க வேண்டும். ஷாஃபியில் ஒன்றிரண்டு முடி நனைந்தாலே மஸ்ஹு (ஒளுவில் தலையைத் தடவுவது) ஆகிவிடும். ஹனஃபியில் தலையில் கால் பங்காவது தடவியாக வேண்டும். இரத்தம் வழிந்தோடினால், வாய் நிறைய வாந்தி வந்தால் ஹனஃபியில் ஒளு முறியும், நமக்கு முறியாது. இங்கே ஒரு சலுகை, அங்கே ஒரு சலுகை என்று எடுத்து ஒட்டினால் கடைசியில் எந்த இமாமும் ஒப்புக்கொள்ளாத ஒளு கையில் நிற்கும். நீங்கள் அன்று தலை முழுவதையும் தடவியிருந்தால், பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலிருந்து அதுதான் பழக்கம், விஷயம் முடிந்தது. இப்போதே மனதில் 'இந்தத் தவாஃபின் ஒளுவில் நான் இமாம் அபூஹனீஃபாவைப் பின்பற்றுகிறேன்' என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. மறுமுறை போகும்போது ஹரமுக்கு (மக்காப் பள்ளிவாசலுக்கு) கிளம்புமுன் தலை முழுக்கத் தடவி ஒளுச் செய்துவிட்டு, அங்கேயே இந்த எண்ணத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கையைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். அல்லது அவருடைய மேல்துண்டின் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு மத்ஹபுக்கும் ஒத்துவரும். இழுத்து அவிழ்த்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது ஆட்டுக்கு வருவோம்.

மதாஃபில் (தவாஃப் சுற்றும் முற்றத்தில்) ஹஜருல் அஸ்வதிலிருந்து (கஅபாவின் மூலையிலுள்ள கருங்கல்லிலிருந்து) கிளம்பி, கதவைத் தாண்டி, வலப்பக்கம் மகாமு இப்ராஹீமை விட்டுவிட்டு நடந்தால் இடப்பக்கம் வளைந்த ஒரு வெள்ளைப் பளிங்குச் சுவர் வரும். நெஞ்சு உயரம்தான் இருக்கும், மேலே விளக்குகள் இருக்கும். அதன் இரண்டு முனைகளும் கஅபாவின் சுவரோடு ஒட்டியிருக்காது. ஆள் நுழைகிற இடைவெளி இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் கணவர் ஒன்றில் புகுந்து மற்றதில் வெளியே வந்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது குறுக்குவழி மாதிரி தெரியும். ஆனால் அந்த இடம் கஅபாவின் வெளிப்புறம் இல்லை, அதன் உள்பகுதி.

நபியவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னால் குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள். நல்ல வழியில் சம்பாதித்த பணம் மட்டுமே அதில் போகவேண்டும் என்று முடிவு செய்ததில், கையிருப்பு போதவில்லை. இப்ராஹீம் (அலை) போட்ட அடித்தளத்தின் ஒரு பக்கத்தைக் கட்டாமல் வெளியே விட்டு, அடையாளத்துக்குச் சுவர் வைத்தார்கள். 'இந்தச் சுவர் கஅபாவில் சேர்ந்ததா?' என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது 'ஆம், உன் சமூகத்தாருக்குச் செலவுக்குப் பணம் போதவில்லை' என்று நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பின்னால் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) மக்காவை ஆண்டபோது, ஹிஜ்ரி 64-ல் முற்றுகையில் சேதமான கஅபாவை எடுத்துக் கட்டுகையில் இந்தப் பகுதியையும் உள்ளே சேர்த்தே கட்டினார். அவர் கொல்லப்பட்ட மறுவருடம், 74-ல், உமையா தளபதி ஹஜ்ஜாஜ் அதை இடித்துப் பழையபடியே ஆக்கிவிட்டார். இன்று நாம் பார்ப்பது ஹஜ்ஜாஜ் திருப்பிவைத்த அந்த அமைப்பைத்தான். பத்து வருடம் மட்டும் அந்தச் சுவருக்கு வேலை இல்லாமல் இருந்தது.

'பழமையான அந்த வீட்டைச் சுற்றிவரட்டும்' என்றுதான் குர்ஆனில், ஹஜ்ஜு அத்தியாயத்தில் கட்டளை. உள்ளே புகுந்து வந்தால் சுற்றியதாகாது. ஷாஃபியில் அந்தச் சுற்று கணக்கிலேயே வராது. கஅபாவின் அடிப்பகுதியில் சாய்வாக ஒரு பளிங்குத் திண்டு ஓடுகிறதே, ஷாதர்வான், அதுவும் பழைய அடித்தளத்தின் பகுதி என்பது நம் மத்ஹபு. நடந்துகொண்டே அதற்கு மேலே கையை நீட்டிச் சுவரைத் தடவினால் அந்த அடிகள் கணக்கில் சேராது, பின்னால் வந்து திரும்ப நடக்கவேண்டும். ஹிஜ்ரின் சுவர் மேல் கை வைத்தபடி நடப்பதையும் இதனால்தான் தவிர்க்கச் சொல்வார்கள்.

ஹிஜ்ருக்குள் போனது நீங்களாக இருந்திருந்தால் பேச்சே வேறு. நல்லவேளை, போனவர் ஹனஃபி. அவர்களிடம் ஏழில் நான்கு சுற்றுதான் ருக்னு (அடிப்படைக் கடமை), மீதி மூன்று வாஜிபு. ஹிஜ்ரை வெளியே விட்டுச் சுற்றுவதும் வாஜிபு. மக்காவில் இருக்கும்போதே அந்தச் சுற்றைத் திரும்பச் செய்திருந்தால் ஒன்றுமில்லை. செய்யாமல் ஊர் திரும்பிவிட்டதால் அவருக்கு தம்மு (பரிகாரமாக ஆடு அறுப்பது) கடமை. உம்ரா கூடிவிட்டது, இஹ்ராமும் போய்விட்டது, வாஜிபில் விழுந்த ஓட்டைக்கு ஓர் ஆடு. தெரியாமல் நடந்தது, கூட்டம் தள்ளியது என்பதால் குற்றம் இல்லாமல் போகலாம், ஆடு இல்லாமல் போகாது. ஊரில் அறுத்துச் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் அது தம்மு ஆகாது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் அறுக்கவேண்டும், இறைச்சி ஏழைகளுக்குப் போகவேண்டும், அவர் அதில் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. இத்தனை நாளைக்குள் என்ற கெடு இல்லை. மக்காவில் நம்பிக்கையான ஆள் இருந்தால் இப்போதே பொறுப்புக் கொடுக்கலாம். எப்படியும் ரமளானுக்கு முன்னால் போகிறார், அங்கே போய்த் தானே நின்று அறுக்கலாம். நான் ஷாஃபி என்பதால், பணம் கட்டுமுன் அவருடைய மஹல்லா இமாமிடம் இதை ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளட்டும். நடந்ததை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்கள் ஹஸ்ரத்துகளிடம் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள்.

சுற்றுக் கணக்குக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. சுற்றும்போது சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணை எடுக்கவேண்டும். ஆறா ஏழா என்றால் ஆறு, இன்னொன்று சுற்றவேண்டும். நீங்கள் செய்தது அதுதான். எட்டாகியிருந்தாலும் தவறில்லை. முடித்து வெளியே வந்த பிறகு வரும் சந்தேகத்தைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஒருமுறை கீழக்கரைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் ஏழு பேரீச்சங்கொட்டைகளை இடப்பக்கப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஹஜருல் அஸ்வதின் நேரைக் காட்டும் பச்சை விளக்கின் நேருக்கு வரும்போதெல்லாம் ஒன்றை வலப்பக்கத்துக்கு மாற்றுவார். குழுவில் போன் வைத்துக்கொண்டு எண்ணிய பட்டதாரிகள் மூன்று பேர் கணக்கை விட்டுவிட்டார்கள், அவர் விடவில்லை. நடுவில் அசர் ஜமாஅத் வந்திருக்குமே, அதற்காகச் சுற்றை நிறுத்தித் தொழுதுவிட்டுத் தொடர்ந்ததிலும் குழப்பம் இல்லை. நிறுத்திய இடம் நினைவில்லை என்றால் அந்த ஒரு சுற்றை மட்டும் விளக்கின் நேரிலிருந்து ஆரம்பிப்பது பேணுதல்.

அந்த விளக்கின் நேருக்கு வந்ததும் கையை உயர்த்திச் சைகை செய்து 'அல்லாஹு அக்பர்' சொன்னாலே போதும். முட்டிமோதிக் கல்லுக்குப் பக்கத்தில் போகவேண்டாம். அதுவும் இஹ்ராமில் வேண்டவே வேண்டாம். ஹஜருல் அஸ்வதிலும் ருக்னுல் யமானி மூலையிலும் அத்தர் பூசியிருப்பார்கள். தெரிந்தே தொட்டு அது கையில் ஒட்டினால் நறுமணம் பூசிய பிரச்சினை தனியாக வரும், அதற்கு இன்னொரு கடிதம் எழுதவேண்டியிருக்கும்.

அசருக்குப் பிந்திய தொழுகையில் நீங்கள் செய்ததும் சரி, அவர் செய்ததும் சரி. ஷாஃபியில் அந்த இரண்டு ரக்அத் சுன்னத்து; ஹரமில் எந்த நேரத்திலும் தொழலாம். 'அப்து மனாஃபின் மக்களே! இந்த வீட்டைத் தவாஃப் செய்து, இரவிலோ பகலிலோ எந்த நேரத்தில் தொழுகிறவரையும் தடுக்காதீர்கள்' என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸ் நம் ஆதாரம். ஹனஃபியில் அது வாஜிபு, ஆனால் சுப்ஹுக்குப் பிறகும் அசருக்குப் பிறகும் தொழாமல் தள்ளிவைப்பார்கள். உமர் (ரலி) சுப்ஹுக்குப் பின் தவாஃபை முடித்துவிட்டு, ஏறிப் புறப்பட்டு, தூத்துவா என்ற இடத்தில் போய்த்தான் அந்த இரண்டு ரக்அத்தைத் தொழுதார்கள் என்ற செய்தி அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கணவர் மஃரிபுக்குப் பின்னால் தொழுதாரா என்று மட்டும் கேளுங்கள். மறந்திருந்தால் இப்போது ஊரிலேயே தொழுதுகொள்ளலாம். முன்னால் செய்த ஸஃயுக்கு அதனால் பாதிப்பில்லை.

தங்கை விஷயம்தான் கொஞ்சம் திட்டமிட வேண்டியது. மாதவிடாயோடு தவாஃப் செய்யக் கூடாது, அதில் நான்கு மத்ஹபுக்கும் பேச்சு ஒன்றுதான். ஆயிஷா (ரலி) அவர்களுக்கு ஹஜ்ஜுப் பயணத்தில் மக்காவுக்குப் பக்கத்தில் ஸரிஃப் என்ற இடத்தில் மாதவிடாய் வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவரிடம் நபியவர்கள், 'ஆதமின் பெண்மக்கள் மீது அல்லாஹ் விதித்தது இது. ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய், தூய்மையாகும்வரை கஅபாவைத் தவாஃப் மட்டும் செய்யாதே' என்றார்கள். ஆகவே மாதவிடாய், இஹ்ராம் கட்டும் எல்லைக்கு முன்னாலேயே வந்துவிட்டாலும் தங்கை குளித்து, நிய்யத் (எண்ணம்) வைத்து இஹ்ராமில் நுழையலாம். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்றுவிட்டு அப்படித்தான் இஹ்ராம் கட்டினார்கள். பிறகு அறையில் காத்திருந்து, நின்றதும் குளித்துவிட்டுத் தவாஃபுக்குப் போகவேண்டும். இஹ்ராமின் தடைகள் அதுவரை நீடிக்கும், அவ்வளவுதான்.

அதற்கு நாள் வேண்டுமே என்பீர்கள். பயணம் ஏற்பாடு செய்பவரிடம் முதலில் மதீனா, பிறகு மக்கா என்று வரிசையை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்கள் மதீனாவில் கழிந்துவிடும், இஹ்ராமே கட்டாமல் இருப்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவது கூடும். ஆனால் கிளம்புகிற வாரத்தில் மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவது வேலைக்காகாது. முன்கூட்டியே பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் சொட்டுச்சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஆகி, நடுவில் முழுதாக நின்ற நேரத்தில் குளித்துவிட்டுத் தவாஃப் செய்தால் கூடும் என்று ஷாஃபி மத்ஹபுக்குள்ளேயே ஒரு கருத்து உண்டு. திரும்பும் விமானம் நெருங்கும்போது அது கைகொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிய்யத் வைக்கும்போதே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 'யா அல்லாஹ், ஏதாவது ஒன்று என்னைத் தடுத்தால், தடுத்த இடத்திலேயே நான் இஹ்ராமிலிருந்து விடுபடுவேன்.' உடல்நலம் சரியில்லாத ளுபாஆ பின்த் ஸுபைர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த வழி இது. மாதவிடாய் நிற்காமல் ஊர் திரும்பவேண்டி வந்தால் இந்த ஒரு வரி அவளைக் காப்பாற்றும். இது இல்லாமல் திரும்புவதுதான் பெரிய தலைவலி. உம்ராவை முடித்த பிறகு மாதவிடாய் வந்தால் கவலையே வேண்டாம், விடைபெறும் தவாஃபான தவாஃபுல் விதாவிலிருந்து அவளுக்கு விலக்கு உண்டு.

உம்மாவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மூன்று பேரில் குறையே இல்லாத தவாஃப் அவர்களுடையதுதான். உம்மு ஸலமா (ரலி) உடல் முடியவில்லை என்று சொன்னபோது, 'மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் ஏறித் தவாஃப் செய்' என்று நபியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சுற்றிவரும்போது நபியவர்கள் கஅபாவின் பக்கத்தில் தூர் அத்தியாயத்தை ஓதித் தொழுதுகொண்டிருந்தார்கள். கடைசி ஹஜ்ஜில் நபியவர்களே ஒட்டகத்தின் மீதிருந்து சுற்றி, கையிலிருந்த வளைந்த தடியால் ஹஜருல் அஸ்வதைத் தொட்டிருக்கிறார்கள். மேல்மாடியில் சுற்று நீளமாகும், தவாஃப் குறையாது, அதுவும் பள்ளிவாசலுக்குள்தான். கூலிக்குத் தள்ளியவர் தனக்காகவும் நிய்யத் வைத்திருந்தால் இருவருக்கும் தனித்தனியே கூடும். ஒருவரைத் தோளில் தூக்கிச் சுற்றினால்தான் யாருக்குக் கணக்கு என்ற விவாதம் வரும். தரையில் வைத்து இழுத்துப்போனால் ஒருவர் தவாஃபுக்கும் மற்றவர் தவாஃபுக்கும் தொடர்பில்லை என்று சக்கர நாற்காலி வருவதற்குப் பல நூறு வருடங்கள் முன்னாலேயே நம் கிதாபுகளில் எழுதிவைத்துவிட்டார்கள்.

கண்ணயர்ந்தது? ஷாஃபியில் இருக்கை அசையாமல் உட்கார்ந்தபடி தூங்கினால் ஒளு முறியாது. ஒளு முறியாத விதத்தில் தூங்கியபடியே ஒருவர் தவாஃப் செய்தால் அது கூடுமா என்று இமாம் நவவி (ரஹ்) கேள்வியை எழுப்பி, கூடும் என்பதே சரியான கருத்து என்று எழுதியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் எங்கே சாய்ந்துவிடப் போகிறார்? குழுப் பெண்மணி சொன்னது உம்மா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்விட்டிருந்தால், தூங்கிய சுற்றும் சேர்த்து ஏழும் கணக்கில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மறுபடியும் அவர்களை அழைத்துப் போவதாக இருந்தால், தள்ளுகிறவரிடம் ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கின் நேருக்கு வரும்போது உம்மாவை எழுப்பி எத்தனையாவது சுற்று என்று விரல் காட்டச் சொல்லுங்கள். எழுப்புவதற்குக் கையைத் தொட வேண்டாம், நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினால் போதும்.